ஆட்டுக்கல்லை யார் எடுத்துப்போவது?

திம்பம்

திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு குட்டி யானை போய்க்கொண்டிருந்தது. காட்டு யானை இல்லை. சாமான் ஏற்றிய டாடா ஏஸ். முந்திப் போக வழியில்லாததால், மலை ஏறி முடிப்பதற்குள் முகம் தெரியாத ஒரு குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமான் முழுவதும் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. கவிழ்த்துப் போட்ட இரும்புக் கட்டில். அதன் கால்களுக்கு நடுவே சொருகிய மெத்தை. நீல பிளாஸ்டிக் டிரம், அதற்குள் குடங்கள். ஒரு தையல் மிஷின். எல்லாவற்றுக்கும் உச்சியில், கயிற்றுக்கு வெளியே தலையை நீட்டியபடி பெயிண்ட் டப்பாவில் ஒரு கறிவேப்பிலைச் செடி.

"டிவியைக் காணமே" என்றேன்.

"அது முன்னாடி அந்தக்கா மடியில இருக்குமுங்க" என்றார் கண்டக்டர், தினமும் பார்க்கிறவர் போல.

வீடு மாறுகிறவர்கள் எதை ஏற்றினார்கள் என்பதை ரோட்டில் போகிற யாரும் பார்க்கலாம். எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்பது அந்த வீட்டுக்கு அடுத்துக் குடிவருகிறவர்களுக்குத்தான் தெரியும். நான் மைசூருக்குப் போனதும் அப்படி ஒரு வீட்டைக் காலி செய்யத்தான். அத்தை மைசூரை விட்டுப் பெங்களூரில் மகனோடு இருக்கப் போகிறார். "சாமான் கட்ட ஆளு வருது. ஆனா எதைக் கட்டறது, எதைப் போடறதுன்னு சொல்ல வீட்டாளு ஒண்ணு வேணும் கண்ணு" என்று போனில் கூப்பிட்டிருந்தார்.

ஆசனூர் தாண்டியதும் காற்று மாறிவிட்டது. கீழே சத்தியமங்கலத்தில் பங்குனி வெயில் சட்டையை முதுகோடு ஒட்டவைத்திருந்தது. மேலே ஜன்னலைச் சாத்தலாமா என்று யோசித்தோம். சாம்ராஜ்நகர் வரும்போது பெயர்ப்பலகைகள் முழுக்கக் கன்னடமாகிவிட்டன. பஸ்ஸுக்குள் மட்டும் இரண்டு மொழியும் ஒரே வாக்கியத்தில் போய்வந்தன. நஞ்சன்கூட்டில் கபிலை ஆற்றுப் பாலத்துக்கு அருகே ஒருவர் பழத்தாரோடு ஏறினார். நஞ்சன்கூட்டு ரசபாளே புவிசார் குறியீடு பெற்ற வாழை, இப்போது விளைச்சல் அருகிப்போனது. அவர் வைத்திருந்தது அதுவா என்று எனக்குச் சந்தேகம்தான். வாசனை நன்றாக இருந்தது, வாங்கிக்கொண்டேன்.

சரஸ்வதிபுரம்

மங்களூர் ஓடு, காவி சிமெண்டுத் தரை, கொல்லையில் ஒரு மாமரம். வாடகை வீடுதான். ஆனால் மாமா இருந்த காலம் முழுவதும் இதே வீடு. மாமா ஐடியல் ஜாவாவில் வேலை பார்த்தவர். யாதவகிரியில் 1961இல் தொடங்கி 1996இல் மூடப்பட்ட மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை அது. கம்பெனி போய், வண்டி போய், மாமாவும் போன பிறகு அத்தை மட்டும் இருந்தார். இப்போது வீட்டுக்காரரின் பிள்ளைகள் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது சமையலறை பாதி அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தது. அத்தை அதற்கு நடுவே மோடா போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்துப் பார்த்து, மறுபடியும் அதே இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

பரணில் இருந்து இறங்கியவை: பூட்டு இல்லாத சாவிக்கொத்து ஒன்று. திரி ஸ்டவ் ஒன்று. மைசூர் சாண்டல் சோப்பின் காலி அட்டைப்பெட்டிகள் ஒரு சாக்கு நிறைய. அந்தப் பெட்டிகள் நகைப்பெட்டி மாதிரி இருக்கும். தூக்கிப்போட மனசு வராமல் ஊசி, பித்தான், நாணயம் என்று எதையாவது போட்டுவைப்பது மைசூர் வீடுகளில் வழக்கம் என்றார் அத்தை. எல்லாப் பெட்டியும் காலி. மூடியைத் திறந்தால் சந்தன வாசனை மட்டும் இன்னும் கொஞ்சம் இருந்தது. பிறகு, எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு கனமான இரும்பு. பிரித்தால் ஜாவாவின் கிக்கர். உதைத்துக் கிளப்புவதற்கும் கியர் மாற்றுவதற்கும் அந்த வண்டியில் ஒரே கம்பிதான். உதைத்துவிட்டு முன்னால் தள்ளிவிட்டால் அதுவே கியர்.

"இது பேப்பர்காரருக்குப் போடறதுதானுங்களே அத்தை?"

"அது இருக்கட்டும்."

"வண்டியே இல்லீங்களே. கம்பி மட்டும் எதுக்குங்க?"

"வண்டி இருந்தா நான் எதுக்குக் கண்ணு கம்பியத் தனியா எடுத்துட்டுப் போறேன்? அது வண்டியில இருக்கும்."

இதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. கிக்கர் பெங்களூர்ப் பெட்டிக்குள் போனது. நல்ல நிலையில் இருந்த பித்தளை அண்டாவும், மாமாவின் டெரிகாட்டன் பேண்டுகளும், ஒரு கட்டில் முழுக்க வந்த கல்யாண ஆல்பங்களில் பாதியும் வெளியே போயின. அதில் என்ன கணக்கு என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அக்கம்பக்கத்தார் பழக்கத்தில் அத்தையும் தசராவுக்குப் பொம்மை வைப்பவர். படிகளையும் செட்டியார் பொம்மைகளையும் எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, மரத்தால் செய்த ராஜா ராணியை மட்டும் முந்தானையால் துடைத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். மைசூர்ப் பக்கம் அந்த ஜோடிக்குத்தான் கொலுவில் முதல் இடம். நம் வீடுகளின் மரப்பாச்சி மாதிரி, பெண்ணுக்குத் தாய்வீட்டிலிருந்து கூடவே வருவது.

"ஹளே பேப்பர், ஹளே கப்பிணா" என்று தெருவில் குரல் கேட்டதும் அத்தை வாசலுக்குப் போனார். வந்தவர் கன்னடமும் உருதும் தமிழும் கலந்து பேசினார். பேப்பர், இரும்பு, பிளாஸ்டிக் மூன்றும் தராசில் ஏறின. கண்ணாடியும் பீங்கானும் வேண்டாம் என்றார். அட்டைப்பெட்டியில் சாமி படங்கள் இருந்தன: சட்டம் உளுத்த வெங்கடாசலபதி, தண்ணீர் இறங்கி முகம் அழிந்த ஒரு மகாலட்சுமி, காலண்டரில் இருந்து வெட்டி ஒட்டிய சாமுண்டேஸ்வரி. அவற்றைப் பார்த்ததும் இரண்டு அடி பின்னால் போனார். "தேவரைத் தராசுல வைக்கமாட்டேம்மா. நான் முசல்மான். நீங்க இந்து. ரெண்டு பேருக்கும் பாவம்."

அவரே வழியும் சொன்னார்: தெருமுனை அரசமர மேடை. மைசூரில் அரசமரத்தடி மேடைகளை நாகர் சிலைகளோடு எங்கும் பார்க்கலாம். அங்கே போனபோது எங்களுக்கு முன்பே பலர் வந்துவிட்டுப் போயிருந்தது தெரிந்தது. மரத்தைச் சுற்றிச் சாய்த்துவைத்த சட்டங்கள், கண்ணாடி உடைந்தவை, உடையாதவை. கை ஒடிந்த பிள்ளையார்கள். திருமணப் பரிசாக வந்து பிரிக்கப்படாமலே இருந்த ஒரு ராதாகிருஷ்ணர், பிளாஸ்டிக் உறையோடு. எங்கள் ஊரில் இவற்றை வாய்க்காலில் விட்டுவிடுவார்கள். எது மேல் என்று கேட்டால், மரத்தடிதான் மேல் என்பேன். ஆனால் அந்தக் கண்ணாடிச் சில்லை யார் பொறுக்குவது என்று மாநகராட்சிப் பணிப்பெண் ஒருவர் துடைப்பத்தோடு நின்று எங்களைக் கேட்டபோது பதில் இல்லை. நாங்கள் கொண்டுபோன படங்களின் கண்ணாடியைக் கழற்றித் தனியாகக் கொண்டுவந்தோம். படங்கள் மரத்தடியிலேயே இருந்தன.

கடைசியாக ஆட்டுக்கல். கொல்லையில், பாதி மண்ணுக்குள் இறங்கியிருந்தது. சாமான் கட்ட வந்த பையன்கள் ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். பெங்களூரில் எட்டாவது மாடிக்கு இதை ஏற்றினால் லிஃப்டுக்கு யார் பதில் சொல்வது?

"நாங்க வரும்போதே இது இங்கதான் இருந்துச்சு" என்றார் அத்தை. "முன்னாடி இருந்த வாத்தியாரம்மாகிட்ட, இத எடுத்துட்டுப் போகலியான்னு கேட்டேன். நாங்க வரும்போதே இருந்துச்சும்மான்னாங்க."

"நீங்க ஆட்டியிருக்கீங்களா?"

"மொத ரெண்டு வருசம். அப்புறம் கிரைண்டர் வந்துருச்சு. அப்புறமெல்லாம் துணி சோப்புதான் வைப்பேன் அதுல."

யார் கொண்டுவந்தது என்று தெரியாத கல். அதைச் சொந்தம் கொண்டாடியவரும் இல்லை, விட்டுப்போக வருத்தப்பட்டவரும் இல்லை. அடுத்துக் குடிவர ஆளே இல்லாமல் போவது இதுதான் முதல் தடவை. ஜேசிபி வரும்போது அது மண்ணோடு போகும்.

சமையலறை மூட்டை கட்டியாகிவிட்டதால் இரவு நஜர்பாத் போய் மைலாரி தோசை சாப்பிட்டோம். முறுகல் தோசையில் வளர்ந்த நமக்கு அதன் மென்மை முதலில் ஏமாற்றமாக இருக்கும். இரண்டாவது தோசையில்தான் அந்த வெண்ணெயும் தேங்காய்ச் சட்னியும் என்ன செய்கின்றன என்று புரியும். அத்தை மூன்று சாப்பிட்டார். பெங்களூரில் இது கிடைக்காது என்று ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை சொன்னார்.

யாதவகிரி

மாமா வேலை செய்த இடத்தைப் பார்க்கலாம் என்று யாதவகிரிக்குப் போனால், அங்கே காலி செய்த இன்னொரு வீடு இருக்கிறது. விவேகானந்தா ரோட்டில் எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் கட்டிய வெள்ளை மாடி வீடு. 1906இல் சென்னையில் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை மைசூரில் கழித்து, முதுமையில் 1990களில் மீண்டும் சென்னைக்கே குடிபோய், 2001இல் அங்கே காலமானவர். வீடு பூட்டிக் கிடந்தது. 2011இல் அடுக்குமாடிக்காக இடிக்கத் தொடங்கிய பிறகுதான் ஊர் விழித்தது. வேலை பாதியில் நிறுத்தப்பட்டது. மாநகராட்சி வீட்டை வாங்கிச் செப்பனிட்டு 2016 ஜூலையில் அருங்காட்சியகமாகத் திறந்தது.

இதைக் கன்னட எழுத்தாளர்கள் சிலர் எதிர்த்தார்கள். கன்னடத்தில் ஒரு வரி எழுதாதவருக்கு, குடும்பமே விற்க முன்வந்த வீட்டுக்கு, பொதுப்பணம் எதற்கு என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவர் கதைகளில் வரும் மால்குடிக்கு ஆற்றையும் ரயில் நிலையத்தையும் கொடுத்த ஊர்களில் மைசூருக்கு முக்கியப் பங்கு உண்டு. அந்தக் கடனை அடைப்பதற்கு ஒரு வீடு அதிகமில்லை என்பது என் கட்சி.

உள்ளே பொருள்கள் சொற்பம். சுவர்களில் படங்களும் நூல்களிலிருந்து எடுத்த வரிகளும். சில விருதுகள், மூக்குக்கண்ணாடி, கோட்டுகள், கம்பளி உடுப்புகள். சென்னைக்குக் குடிபோகிறவருக்கு கம்பளி எதற்கு என்று அத்தை கேட்டார். காலி செய்கிற கை இன்னும் ஓயவில்லை அவருக்கு. மாடியில் அரைவட்டமாக வெளியே தள்ளிய ஜன்னல் அறை, அவர் எழுதிய இடம். ஒரு நாற்காலியும் மேஜையும் போட்டால் போதும், வேறு எதுவும் தேவைப்படாத அறை. எழுத்தாளரின் சாமான் பெரும்பாலும் புத்தகமாக வெளியே போய்விடுகிறது, வீட்டில் மிஞ்சுவது துணிமணிதான்.

ஜாவா தொழிற்சாலை இருந்த பக்கம் ஆட்டோவில் மெதுவாக ஒரு சுற்று வந்தோம். அத்தை இறங்கவில்லை.

ஜகன்மோகன் அரண்மனை

அரச குடும்பங்களும் வீடு மாறும்போது சாமானை விட்டுத்தான் போகின்றன. மைசூரின் பழைய மர அரண்மனை 1897இல் இளவரசி ஜயலட்சுமம்மண்ணியின் திருமணத்தின்போது தீப்பிடித்து எரிந்தது. உடனே குடிபோக வீடு வேண்டும். மும்முடி கிருஷ்ணராஜ உடையார் 1861இல் கட்டிய ஜகன்மோகன் அரண்மனை பக்கத்திலேயே இருந்தது. அங்கே போனார்கள். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1902இல் கர்சன் பிரபு முன்னிலையில் அரியணை ஏறியதும் அங்கேதான். புது அரண்மனையைக் கட்டிக்கொடுத்தவர் ஹென்றி இர்வின். நம் எழும்பூர் ரயில் நிலையத்திலும் சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்திலும் அவர் கை உண்டு. செலவு 41 லட்சத்துக்கு மேல். 1912இல் வேலை முடிந்து எல்லோரும் புது வீட்டுக்குப் போய்விட்டார்கள். மூன்றே ஆண்டுகளில், 1915இல், காலி செய்த வீடு கலைக்கூடமானது.

இந்தக் கலைக்கூடத்துக்கு வருகிறவர்கள் ரவிவர்மா ஓவியங்களுக்காகவும், ஹல்தங்கர் வரைந்த, கையில் விளக்கேந்திய பெண்ணுக்காகவும் வருகிறார்கள். விளக்குப் பெண்ணின் அறையை இருட்டாக வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தவை ஓவியங்களுக்கு நடுவே கிடக்கும் மற்றச் சாமான்கள்: உட்கார முடியாத அளவுக்குச் செதுக்கிய நாற்காலிகள், அரிசி மணியில் வரைந்த படங்கள், நரம்பு தளர்ந்த இசைக்கருவிகள், மணிக்கொருமுறை பொம்மைச் சிப்பாய்கள் அணிவகுக்கும் பிரெஞ்சுக் கடிகாரம். ஒரு பெரிய வீட்டின் பரண் இது. அத்தை கீழ்த்தளத்தில் ஒரு கண்ணாடிப் பேழைக்கு முன் நின்று, "இந்தப் பீங்கானை அந்தப் பேப்பர்காரன் வேண்டாம்னிருப்பான்" என்றார்.

அவர் சொன்னது சரி. விட்டுப்போன பொருள் குப்பையா, காயலான் சரக்கா, காட்சிப்பொருளா என்பதைப் பொருள் தீர்மானிப்பதில்லை. விட்டுப்போனவர் யார் என்பதுதான் தீர்மானிக்கிறது. அரசன் விட்டால் டிக்கெட். எழுத்தாளர் விட்டால் முதலில் கடப்பாரை, கூச்சல் எழுந்தால் அருங்காட்சியகம். ஜாவா ஃபிட்டரின் மனைவி விட்டால் கிலோவுக்கு இத்தனை ரூபாய்.

இதற்கு ஒரு விதிவிலக்கும் மைசூரிலேயே உண்டு. 1905இல் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் கிரந்த எழுத்தில் இருந்த ஓலைக்கட்டு ஒன்றைக் கொண்டுவந்து மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் கொடுத்துவிட்டுப் போனார். நூலகர் சாமா சாஸ்திரி பிரித்துப் படித்தார். பெயர் மட்டும் தெரிந்து, நூலே இல்லாமல் போய்விட்டது என்று எல்லோரும் நினைத்திருந்த கௌடல்யரின் அர்த்தசாஸ்திரம்! 1909இல் அச்சாகி உலகம் முழுக்கப் போனது. கொடுத்தவரின் வீட்டில் அது எத்தனை தலைமுறை எந்த மூலையில் கிடந்ததோ. கொண்டுவந்து கொடுக்கத் தோன்றியதே, அதற்குக் கும்பிட வேண்டும்.

தமிழரின் இன்னொரு சாமானும் மைசூரில் நெடுங்காலம் இருந்தது. கோயில் கோயிலாகப் போய்க் கல்வெட்டுகளிலிருந்து எடுத்த மைப்படிகள். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966இல் ஊட்டியிலிருந்து மைசூருக்கு இடம் மாறியபோது அவையும் வண்டி ஏறின. 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ் மைப்படிகளை ஆறு மாதத்துக்குள் சென்னைக்கு மாற்றச் சொல்லி உத்தரவிட்டது. காகிதத்துக்கு ஒவ்வொரு இடமாற்றமும் ஒரு மடிப்பு, ஒரு கிழிசல். ஆய்வாளர்கள் பல காலமாகக் கவலைப்பட்டதும் அதைப் பற்றித்தான்.

ஸ்ரீரங்கப்பட்டணம்

சாமான் லாரி கிளம்பிய பிறகு அத்தையை அவர் தோழி வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் ஸ்ரீரங்கப்பட்டணம் போனேன். ஒரு தலைநகரமே காலி செய்யப்பட்ட ஊர். 1799 மே 4 அன்று திப்பு சுல்தான் கோட்டைக்குள் விழுந்தார். வெற்றி பெற்றவர்கள் ஐந்து வயதுப் பிள்ளையான மும்முடி கிருஷ்ணராஜரை ஜூன் 30 அன்று மைசூரில் பட்டத்தில் உட்காரவைத்தார்கள். அங்கே அரண்மனையே இல்லை, பந்தல் போட்டுத்தான் சடங்கு நடந்தது. காரணம், மைசூரின் பழைய கோட்டையைத் திப்பு பிரித்து, அந்தக் கற்களைக் கொண்டு நஜர்பாதில் புதுக்கோட்டை எழுப்பத் தொடங்கியிருந்தார். பிறகு நஜர்பாதைப் பிரித்து அதே கற்களை மைசூருக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நாங்கள் தோசை சாப்பிட்ட அந்த நஜர்பாத்தான்.

திப்புவின் வீட்டுச் சாமான் போன திசைகளுக்குக் கணக்கில்லை. மரப்புலி லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் உறுமிக்கொண்டிருக்கிறது. நூலகம் கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் பிரிந்தது. லால் மஹால் அரண்மனையின் உத்தரங்களை யானைகளை வைத்து இழுத்து, நீலகிரிக்கு மேலே ஏற்றினார்கள். 1829இல் அடிக்கல் நாட்டிய ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தின் கூரையை இன்றும் அவைதான் தாங்குகின்றன. ஊட்டிக்குப் போகிற நம்மவர்களில் எத்தனை பேர் அங்கே தலையை நிமிர்த்திப் பார்த்திருக்கிறோம்? ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அந்த அரண்மனை நின்ற இடத்தில் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. திப்புவின் இன்னொரு மாளிகையான தரியா தௌலத் தப்பித்துவிட்டது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் பொள்ளிலூரில் 1780இல் ஆங்கிலேயர் தோற்ற சண்டை அதன் சுவர் முழுக்க வண்ணமாக இருக்கிறது. அந்த வீட்டிலேயே பிறகு ஆர்தர் வெல்லெஸ்லி குடியிருந்தார். தோற்றதைச் சித்திரமாகப் பார்த்துக்கொண்டே காபி குடித்திருப்பார்.

வெள்ளைக்காரர்களுக்கும் இந்த ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. 1809இல் படை பெங்களூருக்கு மாறியது. அவர்கள் விட்டுப்போனவற்றில் மிஞ்சியது கல்லறைகள், பிறகு ஒரு கதை.

கதையை எனக்குச் சொன்னவர் ஆட்டோக்காரர். "ஸ்காட் பங்களா பாக்கலியா சார்? பேய் பங்களா" என்று தொடங்கினார். ஸ்காட் என்ற கர்னல், பீரங்கி வண்டித் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர். காவிரிக் கரையில் வீடு. ஒரு நாள் வெளியூர் போய்த் திரும்பினால் மனைவியும் பெண் குழந்தைகளும் காலராவில் செத்துக் கிடக்கிறார்கள். வந்த வாசல் வழியே திரும்பி நடந்தவர் பிறகு கண்ணில் படவேயில்லை. எந்தப் பொருளையும் தொடக்கூடாது என்று மகாராஜா உத்தரவு போட்டார். கட்டில், மேஜை, பியானோ, திரைச்சீலை எல்லாம் வைத்தது வைத்தபடி பல பத்தாண்டுகள் உளுத்துக் கொட்டின. ஊர் சொல்கிற கதை இது. காலி வீட்டைப் பார்த்து எழுதிய ஆங்கிலக் கவிதையும் ஒன்று உண்டு. சாமான்கள் எப்போதோ போய்விட்டன. நான் பார்த்தது பழஞ்சுவரும் புதரும் அதற்குக் கீழே ஓடும் ஆறும்தான்.

இதே ஆற்றில் இதற்கு நேர் எதிரான கதை ஒன்றும் இருக்கிறது. 1610இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்தபோது, விஜயநகரப் பிரதிநிதி தலக்காட்டுப் பக்கம் குடிபோனார். அவர் மனைவி அலமேலம்மா வீட்டை விட்டார், ஊரை விட்டார், நகையை மட்டும் விடவில்லை. கோயில் தாயாருக்குச் சாத்துகிற நகை என்று சொல்லி ஆட்களை அனுப்பினார்கள். அவர் நகையோடு மாலங்கியில் காவிரிக்குள் குதித்தார். தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசருக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும் என்று அவர் இட்டதாகச் சொல்லும் சாபம் கர்நாடகத்தில் குழந்தைகளுக்கும் தெரியும். அரண்மனையில் அலமேலம்மா சிலைக்கு இன்றும் பூஜை உண்டு. எதையும் எடுக்காமல் போனவருக்குப் பேய்க்கதை. ஒன்றை விடமாட்டேன் என்றவருக்குப் பூஜை.

ஹொச கன்னம்பாடி

கிருஷ்ணராஜசாகருக்கு வருகிறவர்கள் பிருந்தாவனத்தின் விளக்குகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீர்த்தேக்கத்தின் மறுபக்கம், புதுக் கன்னம்பாடிக் கரையில் நிற்கும் வேணுகோபாலசுவாமி கோயில்வரை போவது கொஞ்சம் சுற்று. போக வேண்டும்.

விசுவேசுவரய்யா தலைமைப் பொறியாளராக இருந்தபோது 1911இல் அணை வேலை தொடங்கியது. கன்னம்பாடி ஊர் தேக்கத்துக்குள் போனது. ஊரார் மேட்டுக்கு வந்து அதே பெயரில் புது ஊர் போட்டுக்கொண்டார்கள். ஹொய்சாளர் காலத்துக் கோயிலைத் தூக்கிவர யாராலும் முடியவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு மேல் அது தண்ணீருக்குள் இருந்தது, கடும் வறட்சியில் மட்டும் தலைகாட்டியது. பிறகு மதுபானத் தொழிலதிபர் ஸ்ரீஹரி கோடேயின் அறக்கட்டளை கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து, எண்ணிட்டு, மேட்டில் திரும்பக் கோத்தது. நீண்ட பிராகாரத் தூண்வரிசை, நடுவே கருவறை, வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் நீர். கல்லில் புதுசும் பழசும் கலந்திருப்பது உற்றுப் பார்த்தால் தெரிகிறது. கோயிலுக்கே வீடு மாற்றியிருக்கிறார்கள்!

பங்குனி ஆனதால் நீர் பின்வாங்கி, கரையில் வெடித்த வண்டல். ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வெள்ளரிப்பிஞ்சு விற்ற பெரியவர் என் கன்னடத்தைப் பொறுத்துக்கொண்டு பேசினார். மதியம் சாப்பிட்டாயா என்று கேட்டு, இல்லை என்றதும் பக்கத்துச் சிற்றுண்டிக் கடையில் முத்தெ உருண்டையும் பஸ்ஸாரும் போடச் சொன்னார். கேழ்வரகுக் களிதான், பயறு வடித்த நீரில் வைத்த குழம்புதான். ஆனால் மெல்லக்கூடாது, விழுங்க வேண்டும் என்று பக்கத்து மேஜைக்காரர் எனக்கு வகுப்பெடுத்தார். எங்கள் கோபிச்செட்டிபாளையம் பக்கம் களியை நாங்கள் பாட்டிகளோடு மறந்துவிட்டோம். இங்கே கல்லூரிப் பையன்கள் அதைத் தின்றுவிட்டு பைக்கில் ஏறுகிறார்கள்.

ஊர் முழுகும்போது என்ன எடுத்து வந்தார்கள் என்று பெரியவரிடம் கேட்டேன். தாத்தா சொன்னதை அவர் சொன்னார்: நிலை, கதவு, உத்தரம், ஓடு. எருது இழுக்கக்கூடிய எல்லாம். விட்டது சுவர், கிணறு, ஆட்டுக்கல். "கல்லு ஏத்தினா தானியம் ஏத்த முடியாது" என்றார். நீர் மிகவும் இறங்கிய வருஷங்களில் அந்தக் கற்களைத் தேடிப் போய், இது எங்கள் வீட்டது, அது உங்கள் வீட்டது என்று கிழவிகள் வாதாடியதை அவர் சிறுவனாகப் பார்த்திருக்கிறார்.

எனக்கு மேட்டூர் ஞாபகம் வந்தது. இதே காவிரியில், 1925இல் தொடங்கி 1934இல் முடித்த அணை. அதற்காகவும் ஊர்கள் காலியாயின. நீர்மட்டம் சரியும் கோடைகளில் பண்ணவாடிப் பரிசல்துறையில் பழைய கிறித்தவ தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம் முதலில் தெரியும், இன்னும் இறங்கினால் ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தி. நாளிதழ்களில் படம் வரும். சனம் பரிசலில் போய்ப் பார்க்கும், நந்திக்கு மாலை போடும், சிலர் பெயரைக் கிறுக்கும். ஜூனில் தண்ணீர் ஏறினால் பேச்சும் முழுகிவிடும். கன்னம்பாடிக்கு ஒரு பணக்காரர் கிடைத்தார். பண்ணவாடிக்குக் கோடீசுவரர் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நந்தியைக் கரைக்குக் கொண்டுவரவும் சொல்லவில்லை. அடுத்த முறை நீர் இறங்கும்போது தொல்லியல் துறையிலிருந்தோ பக்கத்துக் கல்லூரியிலிருந்தோ யாராவது அளவுநாடாவும் நோட்டுப்புத்தகமும் எடுத்துக்கொண்டு போகட்டும். கோயிலையும் தேவாலயத்தையும் அளந்த கையோடு, வீட்டுச் சுவர்கள் நின்ற வரிசையையும் கிணறுகளையும் ஆட்டுக்கற்களையும் குறித்துவைக்கட்டும். அந்த ஊர்களிலிருந்து மேடேறிய குடும்பங்கள் கொளத்தூர், மேச்சேரிப் பக்கங்களில் இருக்கின்றன. எது யார் வீடு என்று கேட்டறியக்கூடிய வயதில் இருப்பவர்கள் இன்னும் எத்தனை கோடை இருப்பார்கள்?